காரில் போய் உட்கார்ந்த மருமகனுக்கு

அன்புள்ள மருமகனே,

போன ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா கல்யாண விருந்தில், உறுமி மேளம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நீ எழுந்து போனதைப் பார்த்தேன். பின்னாலேயே வந்தேன். காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சட்டை முழுக்க வியர்வை. நான் கதவைத் தட்டவில்லை. அந்த நேரத்தில் யார் பேசினாலும் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்த உன்னிடம் "அக்கா கல்யாணத்துலகூட ஒரு மணி நேரம் இருக்க முடியலையா, ஆம்பளப் புள்ளதானே நீ" என்று கேட்டார்கள். நீ பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாய். அந்தக் குனிந்த தலை ஒரு வாரமாக என் கண்ணிலேயே நிற்கிறது.

எனக்கு நடந்த ஒன்றை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழா. ஒரு பக்கம் ஜெனரேட்டர், ஒரு பக்கம் உறுமி, முகத்துக்கு நேரே சாம்பிராணிப் புகை. உடம்பு நடுங்கி, அழ ஆரம்பித்துவிட்டேன். சாமி வந்துவிட்டது என்று நினைத்துத் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். மேளத்தை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து அடித்தார்கள். என் பாட்டிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என்னைத் தூக்கிப்போய்ப் பால்மரக் காட்டுக்குள் உட்கார வைத்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. முந்தானையால் தலையைத் துவட்டினார். வெயிலில் ரப்பர் காய் வெடித்து விழும் சத்தம் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டது. அரை மணி நேரத்தில் நானே "போகலாம் பாட்டி" என்றேன். பூச்சட்டி எடுத்ததைக் கடைசிவரை நின்று பார்த்தேன்.

சத்தம் மட்டும் இல்லை. லயத்து வீட்டுக்குப் பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் சண்டை நடந்தால் எங்கள் வீட்டில் எல்லாரும் புரண்டு படுத்துத் தூங்கிவிடுவார்கள். நான் பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள் போகும் நேரம்வரை விழித்திருப்பேன். காலையில் அந்த அக்கா சிரித்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க வந்தாலும், அவர் கண்ணைப் பார்த்துவிட்டால் எனக்குப் பசியாற முடியாது. நீயும் அப்படித்தான். உன் அம்மா குரல் கொஞ்சம் மாறினாலே சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிடுவாய். சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதற்கு அதிக நுண்ணுணர்வு என்று ஒரு பெயர் உண்டு என்பது எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. எலைன் ஆரோன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-களில் இதை ஆராயத் தொடங்கினார். 1997-ல் அவரும் அவர் கணவர் ஆர்தர் ஆரோனும் 27 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். மனிதர்களில் 15 முதல் 20 விழுக்காட்டினர் இப்படிப் பிறக்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. ஒளி, ஒலி, வாசனை, அடுத்தவர் மனநிலை எல்லாமே இவர்களுக்குள் ஆழமாக இறங்கும், அதனால் சீக்கிரம் களைத்துப்போவார்கள். இது நோய் இல்லை, பிறவிக் குணம் என்று அவர் சொன்னதைப் படித்த இரவு நான் அழுதேன். 2018-ல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் மக்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். அதிக நுண்ணுணர்வு உள்ளவர்கள் ஏறக்குறைய 31 விழுக்காடு. அவர்களுக்கு ஆர்க்கிட் என்று பெயர். பராமரிப்பு சரியில்லை என்றால் சீக்கிரம் வாடும், சரியாக இருந்தால் மற்றதைவிட நன்றாகப் பூக்கும். உன் அம்மா வாசலில் கரித்துண்டு போட்டு வளர்க்கிறாளே, அதே பூதான்.

"அப்படியென்றால் நீங்கள் எப்படி மாமா ஆலையில் வேலை செய்கிறீர்கள்?" என்று நீ கேட்பாய். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை நீராவியில் வேகவைக்கும் இடத்தில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன். ஆலைச் சத்தம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியும், அதனால் தாங்குகிறேன். ஒரு மேலாள் காரணமில்லாமல் கத்தினால்தான் அன்று முழுவதும் கை ஓடாது. 2019-ல் மலேசியாவில் வந்த இரைச்சல் விதிமுறைகளின்படி, எட்டு மணி நேர வேலையில் ஒருவர் காதில் படும் சத்தம் சராசரியாக 85 டெசிபலைத் தாண்டக் கூடாது. இயர் பிளக் போடாமல் எங்களை உள்ளே விடமாட்டார்கள். ஆலையில் எவ்வளவு முரட்டு ஆளாக இருந்தாலும் போட்டுக்கொள்கிறான், யாரும் அவனைக் கோழை என்பதில்லை. மண்டபத்து ஒலிபெருக்கிக்கு முன்னால் நீ அதையே போட்டுக்கொள்ள ஏன் வெட்கப்பட வேண்டும்? இந்தக் கடிதத்தோடு நான்கு ஜோடி அனுப்புகிறேன். சட்டைப்பையில் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

இன்னொன்று. நீ எப்போதும் கடைசி நிமிடம்வரை தாங்கிவிட்டு ஓடுகிறாய். அதனால்தான் பார்க்கிறவர்களுக்குக் கோபித்துக்கொண்டு போனது மாதிரி தெரிகிறது. முதல் அறிகுறியிலேயே, என்னைப் பொறுத்தவரை பல்லைக் கடிக்கத் தொடங்கும்போதே, "பத்து நிமிஷத்துல வர்றேன்" என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டு எழுந்து போ. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபது வருடம் ஆனது. கூட்டத்துக்குப் போய்வந்த மறுநாள் காலையை வெறுமையாக வைத்துக்கொள். குரூப்பில் வரும் குரல் செய்திகளை அன்று கேட்க வேண்டாம். பசியோடும் தூக்கம் கெட்டும் இரவுச் சந்தைக்குப் போகவே போகாதே.

ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, படபடப்பு நிற்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அதைக் குணம் என்று விட்டுவிடாதே. அது வேறாக இருக்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டினால் டாக்டரைப் பார்க்கலாம். நானே உன்னோடு வந்து உட்காருவேன்.

உன் அப்பாவிடம் நேற்று பேசினேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சின்ன வயசுல நானும் பட்டாசு வெடிச்சா கட்டிலுக்கு அடியில போயிடுவேன்" என்றார். இதை உன்னிடம் சொல்லச் சொன்னாரா இல்லையா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று உனக்கு ஆசை, பயமும் இருக்கிறது. விடிவதற்கு முன்பே சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்பிவிடுவோம். என் மோட்டார் சைக்கிளைக் கூட்டத்துக்கு வெளியே நிறுத்துகிறேன். நீ எப்போது கையைத் தொட்டாலும் நடந்து வெளியே வந்துவிடலாம். தண்ணீர் குடித்துவிட்டு, முடிந்தால் மறுபடி உள்ளே போவோம்.

அன்புடன்,
உன் மாமா