கார்த்திகைக்கு முன் டெண்டு வண்டியின் கித்தானைத் தைக்க நன்கொடை வேண்டுகோள்

சாமி சரணம்.

ஊர்ப் பெரியோர்களுக்கும், வியாபாரிகளுக்கும், வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் அன்னதானக் கமிட்டி எழுதுவது.

மண்டல காலத்தில் செங்கோட்டை அருகே புளியரையில் நிற்கும் நம் டெண்டு வண்டியின் (கூரையைத் தூக்கினால் துணிக்கூடாரமாக விரிந்து, உள்ளே படுக்க இடம் தரும் வண்டி) மேல்கூடாரம் கிழிந்துவிட்டது. முன்பக்க இடது மூலையில் ‘ட’ எழுத்தைப் போல 62 செ.மீ. கிழிசல். பின்பக்கத் துணி பூஞ்சை பிடித்துக் கறுத்துவிட்டது. கட்டைவிரலால் இழுத்தாலே நூல் அறுகிறது. பக்கவாட்டுப் பந்தலில் நான்கு வளையங்கள் துணியோடு பிய்ந்து வந்துவிட்டன. செலவு ரூ.20,800. கையிருப்பு ரூ.8,350. குறைவது ரூ.12,450. புரட்டாசி கடைசிச் சனிக்கிழமைக்குள் பணம் சேர வேண்டும்.

கார்த்திகைக்குத்தான் இன்னும் நாள் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். தைத்த துணிக்கு மேல் தண்ணீர் ஒட்டாத மருந்து பூசி, மூன்று நாள் நல்ல வெயிலில் காய வேண்டும். ஐப்பசி அடைமழையில் அந்த மூன்று நாளை யார் கொடுப்பார்?

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரையும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்த ஊர். 1904-ல் கணவாய் வழியே ரயில் வருவதற்கு முன் கொல்லத்துச் சரக்கு மாட்டுவண்டியில்தான் மலையேறி இறங்கியது. ஆரியங்காவு, அச்சன்கோவில், குளத்துப்புழை என்று சாஸ்தா கோயில்களுக்கு நடுவே இருக்கிறோம். மார்கழித் திருவிழாவுக்கு அச்சன்கோவில் அரசனான ஐயனின் ஆபரணப் பெட்டி நம் சாலை வழியாகத்தான் போகிறது. வழியில் வருகிறவனுக்குக் கஞ்சி ஊற்றாமல் கதவடைத்த வீடு இந்தப் பக்கம் கிடையாது என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். அந்தக் கதவுதான் இன்று கித்தான் துணியாக வண்டிமேல் இருக்கிறது. மாளிகைப்புறத்து அம்மாமாரும் கன்னிசாமிப் பிள்ளைகளும் அதற்குள்தான் படுக்கிறார்கள்.

கிழிந்த காரணத்தை மறைக்கவில்லை. கூரையைத் தூக்கும் இரண்டு கேஸ் ஸ்ட்ரட்டில் (காற்றழுத்தத்தால் நீளும் தாங்குதண்டு) ஒன்று காற்றிழந்து, கூரை ஒரு பக்கம் சாய்ந்தே ஏறியது. இழுவை முழுவதும் ஒரே மூலைக்குப் போனது. மீதியை ஆடிக் காற்று பார்த்துக்கொண்டது. துணியை மட்டும் தைத்து ஸ்ட்ரட்டை விட்டுவைத்தால் அதே மூலை மறுபடி கிழியும். ஆகவே ஜோடியாக மாற்றுகிறோம், ரூ.3,800. பூஞ்சைக்குக் காரணம் மகரவிளக்கு முடிந்ததும் ஈரத்தோடு மடித்துப் பூட்டியது. அது கமிட்டியின் தவறு.

கிழிசலின் மேல் நல்லெண்ணத்தில் யாரோ ஒட்டிய டேப்பும் வேலையைக் கூட்டிவிட்டது. அதன் பசை ஊசியில் ஏறித் தையலைத் தவறவிடுகிறது. முதலில் அதைச் சுரண்டி எடுத்து, துணியைப் பச்சைத் தண்ணீரில் மென்பிரஷ்ஷால் கழுவி உலர்த்த வேண்டும். சோப்புத்தூள் போட்டால் பழைய பூச்சு போய்விடும். பிளீச்சிங் பவுடர் நூலையே தின்றுவிடும். கிழிசலைச் சுற்றி 5 செ.மீ. கூடுதலாக ஒட்டுத்துணி வெட்டி, மூலைகளை வட்டமாக்க வேண்டும், கூர்மூலைதான் முதலில் பெயரும். உள்ளே ஒன்று ஒட்டி, வெளியே ஒன்று வைத்துத் தைப்பது. நூல் பாலியஸ்டர், பருத்தி நூல் நனைந்து நனைந்து மக்கிவிடும். ஊசி 18-ஆம் நம்பர், தையல் 4 மி.மீ. இடைவெளி. நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைப்பார்கள். தபால்தலை ஓரம்போல ஓட்டைபோட்டு அங்கேயே கிழியும். தையல்மேல் ஊசி ஓட்டையை அடைக்கும் சீலர், அது காய்ந்த பிறகே தண்ணீர் ஒட்டாத மருந்துப் பூச்சு. வரிசை மாறினால் சீலர் பிடிக்காது. மக்கிப்போன பின்பக்கத்துக்கு ஒட்டு போட்டுப் பயனில்லை, ஒட்டு நிற்கும், பக்கத்துத் துணி போகும். அந்தப் பக்கத் துணியை முழுவதுமாக மாற்றுகிறோம்.

கித்தான் 7 மீட்டர், மீட்டர் ரூ.480 வீதம் 3,360. பந்தல் ஓரத்துக்குப் பிவிசி துணி 3 மீட்டர், 1,050. நூல் இரண்டு கோன் 840. ஜிப்பும் ஸ்லைடரும் 690. பித்தளை வளையம் 24, பெல்ட் நாடா 10 மீட்டர், சேர்த்து 760. சீலரும் மருந்தும் 2,700. அலுமினியப் பட்டி, துருப்பிடிக்காத ஸ்க்ரூ 1,100. கழற்றி, தைத்து, மாட்ட மூன்று நாள் கூலி 6,500. ஸ்ட்ரட் மேலே சொன்ன 3,800. முழுக் கூடாரமும் புதிதாகப் போட இதைப்போல மூன்று மடங்கு கேட்கிறார்கள், அதனால் அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம்.

போன வருஷம் அரிசி மூட்டையைத் தலைச்சுமையாகவே கொண்டுவந்து இறக்கிய மேலத்தெருக்காரர்களுக்கும், பேட்டரி வாங்கித் தந்த லாரி ஓட்டுநர்களுக்கும், தினமும் மோருக்குத் தயிர் கொடுத்துவிட்டுக் கணக்கே கேட்காத பால்காரருக்கும், தேங்காய் மண்டிக்காரர்களுக்கும், பெயர் போட வேண்டாம் என்று சொல்லி உண்டியலில் தாலிக்காசு ஒன்றைப் போட்ட தாய்க்கும் கமிட்டி கடமைப்பட்டிருக்கிறது. ஐயன் அவர்கள் குடும்பத்தைக் காக்கட்டும்.

பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்த சிலர் இந்த வருஷ நோட்டீஸை வாங்கி மடித்துப் பையில் வைத்ததோடு சரி. கோயில் கொடை விழாவுக்கு வெடி வாங்கிய கணக்கும் எல்லார் வீட்டிலும் இருக்கும். அதில் ஒரு சரம் குறைந்தால் இரண்டு மீட்டர் கித்தான். இதற்குமேல் எழுத எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது.

பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. கனத்துணி தைக்கும் மிஷின் மூன்று நாள் கிடைத்தால் கூலியில் குறையும். வேலை முடிந்த பிறகு வண்டியில் நிற்கப்போகும் பையன்கள் ஒன்றைப் பழக வேண்டும்: கூரையை இறக்கும்போது ஒரு கதவைத் திறந்து வையுங்கள், காற்று வெளியேறித் துணி உள்பக்கமாக மடங்கும். அடைத்துக்கொண்டு இறக்கினால் வெளியே பிதுங்கிக் கீலில் நசுங்கும்.

ஞாயிறு காலை கோயில் வாசலில் கூரையை உயர்த்தியே வைத்திருப்போம். கிழிசலை நேரில் பார்க்கலாம். ரசீது புத்தகம் பொருளாளரிடம் மட்டும் இருக்கிறது. ரசீது இல்லாமல் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.