பாடநூல் எழுதுற ஆசிரியர்களே, பகத்சிங்கை முழுசா சொல்லிக் குடுங்க

வரலாற்றுப் பாடம் எழுதுற ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பகத்சிங் யாருன்னு பத்தாவது படிக்கிற பசங்ககிட்ட கேட்டுப் பாருங்க. வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி சாண்டர்ஸை சுட்டாரு, டெல்லி சட்டசபையில குண்டு போட்டாரு, தூக்குல போட்டாங்க, இவ்ளோதான் வரும். பசங்கள குத்தம் சொல்ல முடியாதுங்க, அவங்களுக்கு நாம குடுத்தது அவ்ளோதான்.

1929 ஏப்ரல் 8ல பகத்சிங்கும் படுகேஸ்வர் தத்தும் குண்டு வீசினது ஆளே உக்காராத இடமா பாத்து, யாரும் சாகல, ரெண்டு பேரும் ஓடவும் இல்ல, துண்டுப் பிரசுரத்தை வீசிட்டு அங்கயே நின்னு கைதானாங்க. எதுக்கு அன்னைக்கு? தொழிலாளர் ஸ்ட்ரைக்கை ஒடுக்குற தொழில் தகராறு மசோதாவும் பொதுப் பாதுகாப்பு மசோதாவும் சபைக்கு வந்த நேரம் அது. இத விட்டுட்டு குண்டை மட்டும் சொன்னா பையன் மனசுல என்ன நிக்கும்?

அப்புறம் ஜெயில். அரசியல் கைதிக்கு ஒழுங்கான சாப்பாடு குடு, பேப்பர் குடு, புஸ்தகம் குடுன்னு கேட்டு உண்ணாவிரதம் இருந்தாங்க. பட்டினி கிடந்து புஸ்தகம் கேட்டவங்க சார் இவங்க! கூட உண்ணாவிரதம் இருந்த ஜதீன் தாஸுக்கு மூக்கு வழியா குழாய் விட்டு பாலை இறக்கினதுல அது நுரையீரலுக்குள்ள போயிடுச்சு, அப்பவும் அவர் விடல, 63வது நாள், செப்டம்பர் 13, செத்தே போயிட்டாரு.

சாண்டர்ஸ் கொலை வழக்கு நடந்த லட்சணத்தையும் எழுதுங்க. வைஸ்ராய் இர்வின் 1930 மே மாசம் அவசரச் சட்டம் போட்டு ஸ்பெஷல் டிரிபியூனல்னு தனி கோர்ட்டு வச்சாரு, ஹைகோர்ட்டுக்கு அப்பீல் கிடையாது. கொலை நடந்தப்ப என் மகன் லாகூர்லயே இல்லன்னு அப்பா கிஷன் சிங் மனு குடுத்தாரு. எந்த அப்பாவும் செய்யறதுதான. ஆனா மகனுக்கு வந்துச்சே கோவம், இதயே வேற யாராச்சும் செஞ்சிருந்தா துரோகம்னு சொல்லியிருப்பேன்னு அப்பாவுக்கே லெட்டர் எழுதி, அத எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியிடவும் சொன்னாரு. உயிர் பொழைக்கிறத விட கொள்கைதான் பெருசுன்னு நின்ன அந்த லெட்டர ஒரு பக்கம் அப்படியே போடலாமே.

எனக்கு ரொம்ப ஆதங்கம் இதுலதான். 1929 அக்டோபர்ல லாகூர் மாணவர் மாநாட்டுக்கு அவரும் தத்தும் ஜெயில்ல இருந்து ஒரு செய்தி அனுப்பினாங்க. துப்பாக்கியும் குண்டும் எடுங்கன்னு இளைஞர்கள இன்னைக்கு நாங்க சொல்ல முடியாது, அத விட பெரிய வேலை இருக்கு, ஃபேக்டரி தொழிலாளிகிட்டயும் குடிசையில இருக்குறவங்ககிட்டயும் போங்கன்னு சொன்னாரு. மாணவனுக்குன்னே எழுதினது, அத மாணவன் கண்ணுல காட்டாம இருந்தா எப்படிங்க?

தமிழ்நாட்டுக்கு சம்பந்தமே இல்லாத ஆளும் இல்ல. தூக்குல போட்ட ஆறாவது நாளே பெரியார் தன்னோட 'குடியரசு' பத்திரிகையில தலையங்கம் எழுதினாரு. பகத்சிங் ஜெயில்ல எழுதின 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரைய தமிழ்ல கொண்டுவந்ததுக்கு பொதுவுடைமைத் தலைவர் ஜீவா கைதானாரு. நம்ம பசங்களுக்கு இது தெரிய வேணாமா?

அடுத்த தடவை பாடத்த திருத்தும்போது அப்பாவுக்கு எழுதின லெட்டரையும் மாணவர்களுக்கு அனுப்பின செய்தியையும் தமிழ்ல சேருங்க. பரீட்சையில அவர் செத்த தேதிய கேக்காதீங்க, அந்த லெட்டர்ல இருந்து ஒரு கேள்வி கேளுங்க.