லாண்டோவரில் நான் தப்பாகப் பார்த்த ஆட்டம்

அன்புள்ள பாஸ்கர்,

நலம்தானே? உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் போடாததற்கு ஒரே காரணம் சோம்பேறித்தனம்தான், திட்டிக்கொள். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி.

இங்கே விசேஷம், சின்னவள் ஃப்ளாக் ஃபுட்பால் ஆடுகிறாள், அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு வகை. ஆளைச் சாய்க்க வேண்டாம், இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் போதும். அணியிலேயே வேகமாக ஓடுகிறவள் என்று கோச் அவளை குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை வாங்கி எறிகிற ஆளாக நிறுத்தினார். அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் லீகில் குவாட்டர்பேக் பந்தோடு ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு அப்பால் ஓடக் கூடாதாம்! வீட்டுக்கு வந்து ஒரே புலம்பல். "லமார் ஜாக்சன் மட்டும் ஓடலாமா?" என்கிறாள், பால்டிமோர் அணியின் குவாட்டர்பேக்கைச் சொல்கிறாள்.

எனக்கு உடனே வாஷிங்டன் அணியின் மைதானம் இருக்கும் லாண்டோவர் நினைவுக்கு வந்துவிட்டது. 2013 ஜனவரி 6, வாஷிங்டனுக்கும் சியாட்டிலுக்கும் பிளே ஆஃப், புல் செத்துப்போன அந்த மைதானத்தில் நீயும் நானும். அந்த சீசனில் 815 கெஜம் ஓடியிருந்த வாஷிங்டன் குவாட்டர்பேக் ராபர்ட் கிரிஃபின், டிசம்பரிலேயே அடிபட்ட முழங்காலோடு நொண்டிக்கொண்டே ஆடினான். ஆட்டத்தின் நான்காவது பகுதியில் ஸ்னாப், அதாவது அவனுக்குப் பின்னால் அனுப்பும் பந்து, தாழ்வாக வந்தது, குனிந்து எடுக்கப் போனான், யாரும் தொடவில்லை, கால் தானாகவே மடங்கிவிட்டது. பார்க்கிங்குக்கு நடக்கும்போது நான் உன்னிடம் பெரிய தீர்ப்பு எழுதினேன்: ஓடுகிற குவாட்டர்பேக் காலம் முடிந்தது, முட்டி தாங்காது என்று. நீ ஒன்றும் சொல்லாமல் வந்தாய், ஞாபகம் இருக்கிறதா?

நான் தப்பான ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் பாஸ்கர். எதிரணியான சியாட்டிலின் குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனும் அன்று 67 கெஜம் ஓடினான். ஆனால் அவன் பேஸ்பால்காரன், அடி வருமுன் சறுக்கி உட்கார்ந்துவிடுவான், இல்லையென்றால் கோட்டுக்கு வெளியே போய்விடுவான். அடுத்த சீசனே சூப்பர் பௌல் சாம்பியன் பட்டம். 2021-இல் விரல் உடையும் வரை ஒரு ஆட்டம் கூடத் தவறவில்லை. எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவனுக்கு ஓட்டம் ஆபத்தில்லை.

இன்னொரு கணக்கும் எனக்கு அப்போது பிடிபடவில்லை. பழைய பாணியில் குவாட்டர்பேக் பந்தை ஓடுவதற்கென்றே இருக்கும் ரன்னிங்பேக் கையில் கொடுத்துவிட்டு நின்று வேடிக்கை பார்ப்பான், அப்போது பதினொரு பேரைப் பத்து பேர் சமாளிக்க வேண்டும். அவனும் ஓடுவான் என்றால் கணக்கு சமமாகிவிடுகிறது. சோன் ரீட் என்கிற ஆட்டத் திட்டத்தில் எதிரணியின் ஓரத்துத் தடுப்பாளனை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். பந்து ரன்னிங்பேக்கின் வயிற்றில் இருக்கும், குவாட்டர்பேக்கின் கை இன்னும் பந்தில் இருக்கும், கண்ணோ அந்த ஓரத்து ஆள் மேல். அவன் உள்ளே பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு இவன் வெளியே, அவன் நின்றால் பந்து ரன்னிங்பேக்குக்கு. அந்தத் தடியன் எதைச் செய்தாலும் தப்பு, பாவம்.

லமாரை அணிகள் புது வீரர்களை எடுக்கும் 2018 தேர்வில் 32-ஆவதாகத்தான் எடுத்தார்கள், அவனுக்கு முன்னால் நான்கு குவாட்டர்பேக்குகள் போய்விட்டார்கள், பந்தைப் பிடிக்கிற ரிசீவராக மாறட்டும் என்று அறிவுரை வேறு. அடுத்த வருஷமே 1,206 கெஜம் ஓடி, டச் டவுனுக்கு, அதாவது எதிரணி எல்லைக்குள் போய்ச் சேரும் பந்தாக, 36 எறிந்து, ஒரு ஓட்டு கூடச் சிதறாமல் எம்விபி, சீசனின் சிறந்த வீரர் விருது! எனக்கு அதைவிட 2024 தான் பெரிதாகப் படுகிறது. ஓட்டம் 915 கெஜமாகக் குறைந்தது, எறிந்த டச் டவுன் 41, அவன் எறிந்ததில் எதிரணி பறித்த பந்து நான்கே நான்கு. எதிரணியில் நடுவே காவல் நிற்கும் லைன்பேக்கர்கள் அவன் காலையே பார்த்துக்கொண்டு நிற்பதால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடுமைதானம் காலியாகிவிடுகிறது. ஓடாமலே ஓட்டத்துக்கான கூலியை வாங்கிக்கொள்கிறான்.

பிலடெல்பியா குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை பின்னாலிருந்து எல்லோரும் சேர்ந்து தள்ளுகிறார்களே, அதை நான் இதில் சேர்க்கமாட்டேன், அது தேர் தள்ளுகிற வேலை. 2025 மே மாதம் தடை கேட்டு 22 அணிகள் ஓட்டுப் போட்டன, 24 வேண்டும், தப்பித்தது.

சின்னவளிடம் லமார் கதையைச் சொன்னேன். இப்போது ஓடப்போகிறவள் மாதிரி இரண்டு எட்டு வைத்துவிட்டு எறிகிறாள். எதிரணிப் பிள்ளைகளுக்கு விதி சரியாகத் தெரியவில்லை போல, எல்லாம் அவள் பக்கமே ஓடிவருகின்றன.

டிசம்பரில் பால்டிமோர் பக்கம் வா. டிக்கெட் என் செலவு, பார்க்கிங் உன் செலவு.

அன்புடன்,
ரவி