வரம்புரையை விட்டுவிடாதீர்கள்

சென்னை உயர் நீதிமன்ற நிர்வாகத்தினருக்கும் தமிழக அரசின் சட்டத் துறையினருக்கும் வணக்கம். தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கித் தருவது பற்றி எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். பாகப்பிரிவினைப் பத்திரங்கள்தான் அதிகம் வரும். ஒரே வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள் என்பது செட்டிநாட்டில் சாதாரணம். முகப்பு யாருக்கு, இரண்டாம் கட்டில் எந்த அறை யாருக்கு என்று அங்குலக் கணக்காக எழுதுவோம். ஒரு வரி விடுபட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆச்சி மஞ்சள் பையோடு வந்தார். பையில் 1998இல் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம். அவருடைய அப்பாவும் இரண்டு அண்ணன்களும் பிரித்துக்கொண்டது. கையில் போன். ஏதோ ஒரு செயலி சுருக்கித் தந்த ஐந்து வரித் தமிழ்: மகளுக்கும் பிறப்பிலேயே சமபங்கு உண்டு, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை. "அப்பச்சி சொத்துல எனக்கும் பங்குன்னு உச்ச நீதிமன்றமே சொல்லியிருச்சே தம்பி" என்றார். அப்பச்சி என்றால் எங்கள் பக்கம் அப்பா. அதை நம்பி அண்ணன்களுக்கு நோட்டீஸும் விட்டாகிவிட்டது. அந்த வருடம் குடும்பத்தார் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை.

அந்த ஐந்து வரியில் பொய் இல்லை. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலம் முடிந்துபோன பாகப்பிரிவினையை, மகளுக்கு அந்த உரிமையைத் தந்த 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் தொடாது. அது சட்டத்தில் இருக்கிறது, தீர்ப்பிலும் இருக்கிறது, சுருக்கத்தில் இல்லை. இப்படி விதிக்கு விலக்குச் சொல்லும் வரியைச் சட்டத் தமிழில் வரம்புரை என்பார்கள். சுருக்கும்போது முதலில் உதிர்வது அதுதான்.

எனக்கு அதைவிட வருத்தம் தந்தது வேறு. 1998இல் அப்பாவுக்கென்று ஒரு பாகம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அந்தப் பாகத்தில் அண்ணன்களுக்குச் சமமாக ஆச்சிக்கும் பங்கு உண்டு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே கொடுத்த உரிமை. கிடைக்காத பங்குக்கு அலைந்த ஆச்சிக்கு, கையிலிருந்த பங்கு தெரியவில்லை.

இதனால் இயந்திரச் சுருக்கமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் வேண்டும். உயர் நீதிமன்றத் தீர்ப்பு இன்றும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. 2006இல் நம் சட்டமன்றம் தமிழுக்காகத் தீர்மானம் போட்டும் மாறவில்லை. 2019இல் உச்ச நீதிமன்றம் சுவாஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் வினீதா சர்மா தீர்ப்பு நூறு பக்கத்தைத் தாண்டும். முழுக்கத் தமிழில் கொடுத்தாலும் ஆச்சியால் படிக்க முடியுமா? நீங்கள் சுருக்கித் தராவிட்டால் மக்கள் ஏதாவது ஒரு செயலியைத்தான் கேட்பார்கள்.

ஆகவே சுருக்கத்தை நீங்களே வெளியிடுங்கள். இயந்திரம் வரைவு எழுதட்டும். சட்டம் படித்த ஒருவர் தீர்ப்போடு ஒப்பிட்டுப் பார்த்துப் பெயர் போடட்டும். நாங்கள் எழுதும் பத்திரத்தில்கூட எழுதியவர் பெயரும் உரிம எண்ணும் இருக்கிறதே. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தீர்ப்பின் பத்தி எண் வேண்டும். யாருக்குப் பொருந்தாது என்பதை அடியில் பொடி எழுத்தில் போடாமல் மேலேயே சொல்லுங்கள்.

அப்புறம், சொற்கள். குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு உள்ளவரை அந்தச் சுருக்கம் 'பங்குதாரர்' என்று எழுதியிருந்தது. அது கம்பெனிக்குச் சொல்லும் சொல். எங்கள் பக்கம் பங்காளி என்றால் ஆண்வழி உறவு. கட்டிக்கொடுத்த மகள் அதில் வரமாட்டாள். அவளையும் அந்த இடத்தில் உட்கார வைத்ததுதான் 2005ஆம் ஆண்டுத் திருத்தம். சொல் தவறியதால் அவ்வளவு பெரிய மாற்றம் ஆச்சிக்குப் புரியாமலே போனது.

வாரிசுரிமைத் தீர்ப்புகளில் தொடங்குங்கள். அச்சடித்துச் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் வட்ட சட்டப் பணிகள் குழுக்களிலும் வையுங்கள். வரைவு புரிகிறதா என்று படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.

ஆச்சி அந்த நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இப்போது அப்பச்சி பாகத்தில் மட்டும் பங்கு கேட்டிருக்கிறார். அண்ணன்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
காரைக்குடிப் பத்திர எழுத்தர் ஒருவர்