பள்ளிக்கூடத்துக்கு வெளியேயும் சாரணர்கள் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாரணர் (ஸ்கவுட்) இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் பிறந்தநாளான பிப்ரவரி 22-ஐ ஒட்டி சாரணர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பிள்ளைகள் அணிவகுத்து நின்ற படங்கள் அழகாக இருந்தன, சந்தோஷம். ஆனால் சாரணர் என்றாலே அது பள்ளிக்கூடத்து விஷயம் என்பது போல முழுச் செய்தியும் இருந்ததுதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் படித்தது சின்னப் பள்ளி, அங்கே சாரணர் படையே கிடையாது. இருந்தும் நான் சாரணன் ஆனேன். எங்கள் தெருக்காரர்கள் நடத்திய படை ஒன்று பெங்களூரு அல்சூரில் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஓபன் குரூப் என்று சொல்வார்கள். எந்தப் பள்ளியில் படித்தாலும் சரி, படிப்பை விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குப் போனாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றால் சேர்த்துக்கொள்வார்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் சேர்ந்தபோது எங்கள் சாரண ஆசிரியராக இருந்தவர் ராணுவத்தின் பொறியாளர் படையான எம்.இ.ஜி.யில் (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) இருந்து ஓய்வு பெற்ற ஒரு சுபேதார். அல்சூர் ஏரிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும் அந்தப் படையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, பாலம் கட்டுவதே அவர்கள் தொழில். அந்தத் தொழிலை அவர் எங்கள் கைக்குக் கொண்டுவந்தார். ரீஃப் நாட், குளோவ் ஹிட்ச், போலைன் என்ற கயிற்று முடிச்சுகளை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டும். மூங்கில்களைக் கயிற்றால் பிணைத்து ஒரு ஆள் நடக்கிற அளவுக்குப் பாலம் கட்டுவோம், கட்டி முடித்ததும் முதல் ஆளாக அவரே ஏறி நடப்பார். ஆணி ஒன்றுகூட இருக்காது.

இந்தியச் சாரணர் வரலாறு என்று பார்த்தால் அது நம் பெங்களூரில்தான் தொடங்குகிறது. 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் பேடன் பவல் இருபது சிறுவர்களை வைத்து முதல் முகாம் நடத்தினார். இரண்டே வருடத்தில், 1909-ல், கேப்டன் பேக்கர் என்பவர் இந்தியாவின் முதல் படையைப் பெங்களூரில் ஆரம்பித்துவிட்டார். ஆனால் அது ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான், நம் பிள்ளைகளுக்கு இடம் இல்லை. 1916-ல் அன்னி பெசன்ட் அம்மையார் மெட்ராஸில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சங்கம் தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, பாடுவதற்கு இந்தியப் பாட்டு. பிறகு 1918-ல் வடக்கே மாளவியா, குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். எல்லாம் ஒன்றாகி பாரத சாரணர் இயக்கமானது 1950 நவம்பர் 7-ல், பெண் பிள்ளைகளின் அமைப்பான சாரணியர் வந்து சேர்ந்தது 1951 ஆகஸ்ட் 15-ல். வாசல் மூடப்பட்ட பிள்ளைகளுக்காக வெளியே இருந்தவர்கள் கட்டியதுதான் நம் நாட்டுச் சாரணர் இயக்கத்தில் பெரும்பகுதி. எங்கள் தெருப் படையை நான் அந்த வரிசையில்தான் வைக்கிறேன்.

எங்களுக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. காலையில் ஸ்கார்ஃப் நுனியில் ஒரு முடிச்சு போட்டுவிடுவோம். அன்றைக்கு ஒருவருக்காவது ஒரு உதவி செய்த பிறகுதான் அதை அவிழ்க்கலாம். இது உலகம் முழுக்க சாரணர்களுக்குத் தெரிந்த பழக்கம்தான், ஆனால் எங்கள் தெருவில் பாட்டிகளுக்கெல்லாம் இது தெரிந்துபோய், முடிச்சோடு யாராவது நடந்தால், "இன்னும் அவுக்கலியா, வாடா, இந்தத் தண்ணிக் குடத்தைத் தூக்கிக் குடு" என்று கூப்பிடுவார்கள். சோமேசுவரர் கோயில் தேரின்போது கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒதுக்குவோம். மாதா பிறந்தநாள் திருவிழாவான செப்டம்பர் 8-க்கு முந்தைய ஒன்பது நாளும் சிவாஜிநகர் மாதா கோயிலில் இருப்போம், தண்ணீர் கொடுக்க, தொலைந்த குழந்தைகளைப் பெற்றோரிடம் சேர்க்க. அந்த ஒன்பது நாளுக்காக வருடம் முழுக்கக் காத்திருந்த பையன்கள் உண்டு. எங்கள் அணியில் தமிழ், கன்னடம், உருது என மூன்று மொழி வீடுகளின் பிள்ளைகளும் இருந்தார்கள். முகாமில் ஒரே பானையில் பொங்கிச் சாப்பிட்டோம். நான் கன்னடம் சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டது அங்கேதான், பள்ளியில் இல்லை.

இப்போதைய நிலைமை வேறு. பல வருடமாக நாங்கள் கூடி வந்த மைதானம் வண்டி நிறுத்துமிடம் ஆகிவிட்டது. இரண்டு வருடமாக ஒரு வீட்டு மொட்டை மாடியில் நடக்கிறது. மாடியில் பாலம் கட்ட முடியாது, ஓட முடியாது, கீழ்வீட்டுக்காரர்களுக்கும் தொந்தரவு. பக்கத்திலேயே ஒரு பள்ளியின் மைதானம் ஞாயிறு முழுக்கப் பூட்டியே கிடக்கிறது. மூன்று முறை கடிதம் கொடுத்தோம், பதில் வரவில்லை. இதற்கிடையில் நாற்பது பேராக இருந்த படை பதினாலு பேராகிவிட்டது. இடம் இல்லாததால்தான் பிள்ளைகள் போனார்கள், விருப்பம் இல்லாமல் இல்லை, தெருவில் பார்க்கும்போதெல்லாம் "அண்ணா, மறுபடி எப்போ?" என்று என்னையே கேட்கிறார்கள்.

உங்கள் வாசகர்களில் பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, இரண்டு மணி நேரம் மட்டும் கேட்டைத் திறந்துவிடுங்கள். கூட்டிப் பெருக்கி, பூட்டிச் சாவியைத் திருப்பித் தருவது எங்கள் பொறுப்பு. கயிறு, மூங்கில், கொடிக்கம்பம் எல்லாம் எங்களிடமே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு பழைய சாரணன்,
அல்சூர், பெங்களூரு