வெள்ளெழுத்து மாட்யூல்ல இல்லீங்களாம்

வயது வந்தோர் கல்வியைப் பாத்துக்குற அதிகாரிகளுக்கும், எங்களுக்குப் பயிற்சி குடுக்க வர்ற கருத்தாளர்களுக்கும்,

வணக்கம்ங்க. நான் வெண்ணாத்துப் பாசனத்துல ஒரு ஊர்ல எழுத்தறிவு மையம் நடத்துற தன்னார்வலர். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 2022லேருந்து 2027 வரைக்கும், 15 வயசுக்கு மேல எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு, 200 மணி நேரம், கடைசியில படிக்க 50 எழுத 50 கணக்குக்கு 50ன்னு 150 மார்க்குக்குப் பரீட்சை, நடத்துறவங்களுக்கு சம்பளம் கிடையாது. சம்பளம் கேட்டு இத எழுதல, அத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா தன்னார்வலர் வாயத் தொறந்தாலே காசுக்குத்தான்னு ஒரு நெனப்பு இருக்கு.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. பெரியவங்களுக்கு எப்படி சொல்லிக் குடுக்குறதுன்னு எங்களுக்கு சொல்லிக் குடுங்க.

போன வாரம் பயிற்சின்னு கூப்பிட்டீங்க. தாளடி நடவு ஓடிக்கிட்டிருக்குற நேரம், எங்கள்ல பாதிப் பேரு நடவுக்குப் போறவங்கதான், ஒரு நாள் கூலிய விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி காலையில 10 மணிக்கு வந்து ஒக்காந்தோம். மதியம் வரைக்கும் ஆப்ல பேர் எப்படி ஏத்துறது, போட்டோ எப்படி ஏத்துறது, ஏத்துனது ஏறலன்னா திரும்ப எப்படி ஏத்துறதுன்னு அதேதான். சாப்பாட்டுக்கு அப்புறம் கருத்தாளர் அணில், ஆடுன்னு கையக் கால ஆட்டி பாட்டு பாடி எங்களையும் எந்திரிச்சு ஆட சொன்னாரு. நல்ல மனுஷன், ஒண்ணாப்பு புள்ளைங்களுக்கு அருமையா எடுப்பாருன்னு பாத்தாலே தெரியுது. ஆனா எங்க மையத்துக்கு வர்றவங்க பேரன் பேத்தி எடுத்தவங்க, நாள் பூரா சேத்துல குனிஞ்சு நட்டுட்டு இடுப்பப் புடிச்சுக்கிட்டு வர்றவங்க, அவங்கள போயி அணில் மாதிரி குதிங்கன்னா மறுநாள் மையத்துக்கு நானும் அங்கன்வாடி சுவரும்தான் இருப்போம்.

கடைசியில சந்தேகம் இருந்தா கேளுங்கன்னாங்க. நான் எந்திரிச்சு, வெள்ளெழுத்து வந்தவங்களுக்கு, அதான் வயசாகி கிட்ட இருக்குற எழுத்து மங்கிப் போனவங்களுக்கு, எப்படி எடுக்குறதுன்னு கேட்டேன். மேடையில இருந்தவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. "அதெல்லாம் மாட்யூல்ல இல்லம்மா, ஒக்காருங்க"ன்னாங்க. பின்னால ரெண்டு மூணு பேரு சிரிச்சாங்க. நானும் ஒக்காந்துட்டேன்.

ஏன் கேட்டேன்னு அங்க சொல்ல விடல, அதனால இங்க சொல்றேன்.

எங்க மையத்துக்கு ஒரு அத்தை வருவாங்க, 56 வயசு. முதல் மாசம் ஒரு நாள் கூட தவறல. கரும்பலகையில பெருசா எழுதிப் போட்டா சொல்லிடுவாங்க, புஸ்தகத்தக் கையில குடுத்தா ஒரு எழுத்து வராது. பக்கத்த தூரமா நீட்டி நீட்டிப் புடிப்பாங்க. நான் என்ன செஞ்சேன் தெரியுங்களா, "கிட்ட வச்சுப் பாருங்க அத்தை"ன்னு புஸ்தகத்த அவங்க மூஞ்சிக்கு நேரா தள்ளுவேன். தெனமும் தள்ளுனேன். அவங்களும் மரியாதைக்கு கிட்ட வச்சுப் பாத்துட்டு, "எனக்கு ஏறாது பாப்பா, இது நாத்து பறிச்ச மண்டை"ன்னு சிரிப்பாங்க. ரெண்டரை மாசம் கழிச்சு வர்றத நிறுத்திட்டாங்க. நான் நோட்டுல இடைநிற்றல்னு எழுதிட்டேன், காரணம்னு இருந்த கட்டத்துல ஆர்வமின்மைன்னு எழுதினேன். என் கையாலதான் எழுதினேன்.

அப்புறம் ஒரு நாள் அவங்க வீட்டுக்குப் போயிருந்தப்ப, ஜாக்கெட் தைக்க ஊசியில நூல் கோக்க முடியாம பேத்திகிட்ட குடுத்தாங்க. அப்பதான் எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஏறாதது அவங்களுக்கு இல்லங்க, எனக்கு. சந்தையில 150 ரூபாய்க்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுத்தேன், அத மாட்டிக்கிட்டு ரேஷன் கார்டுல அவங்க பேர எழுத்து எழுத்தா கூட்டிப் படிச்சுட்டு, "எம்பேரு இம்புட்டுதானா?"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் சொல்ல வரல.

40 வயசத் தாண்டுனா கிட்ட இருக்குறது மங்குறது எல்லாருக்கும் வர்றதுதான், பெரிய வைத்திய ரகசியம் ஒண்ணும் இல்ல. முதல் நாள் வகுப்புல யாருக்கு கிட்ட இருக்குற எழுத்து மங்குதுன்னு பாத்துடுங்க, எழுத்தப் பெருசா போடுங்க, வெளிச்சமா ஒக்கார வைங்கன்னு மூணே வரி. அந்த மூணு வரி எந்த ஸ்லைடுலயும் இல்ல. எங்க மையத்துல 22 பேர்ல 17 பேரு 45 வயசுக்கு மேல. எழுத்தறிவு சொல்லித் தர்ற எங்களுக்கு வெள்ளெழுத்து தெரியலன்னா நாங்க யார கைநாட்டுன்னு சொல்றது?

கணக்கும் அப்படித்தாங்க. பயிற்சியில 5 ஆப்பிள்ல 2 ஆப்பிள் போனா மீதி எவ்ளோன்னு படம் போட்டுக் காட்டுனாங்க. எங்க ஆளுங்ககிட்ட 40 கிலோ நெல்லுச் சிப்பம் 25 போச்சுன்னா எத்தனை கிலோன்னு கேளுங்க, வாய மூடுறதுக்குள்ள ஆயிரம்னு வரும். எங்க ஊரு நிலக் கணக்குல நூறு குழி ஒரு மா, மூணு மா ஒரு ஏக்கர், 7 மா நடவுக்கு ஆளு எத்தனை கூலி எவ்ளோன்னு மனசுக்குள்ளயே போடுவாங்க, நான் போன் எடுத்து தட்டிக்கிட்டு இருப்பேன். அவங்களுக்குத் தெரியாதது கணக்கு இல்ல, அந்த ஆயிரத்த காகிதத்துல எழுதுறப்ப எத்தனை சைபர்ங்குறது மட்டும்தான். தெரிஞ்சதுலேருந்து தெரியாததுக்கு எப்படிக் கூட்டிட்டுப் போறது, ஒரே பாயில பேர் எழுதத் தெரிஞ்சவரும் பென்சிலே புடிக்காதவரும் ஒக்காந்தா எப்படி சமாளிக்குறது, மருமக எதிர்ல தப்பா படிச்சா மானம் போவாம எப்படித் திருத்துறது, இதையெல்லாம் நானே தட்டித் தடுமாறிக் கத்துக்கிட்டிருக்கேன். தடுமாறுறப்ப விழுறது நான் இல்ல, அவங்க.

ஒண்ணாப்பு புள்ளைங்களுக்கு சொல்லித் தர ரெண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி படிக்கணும்னு விதி வச்சிருக்கீங்க. பெரியவங்களுக்கு சொல்லித் தர ஒரு நாள், அதுலயும் பாதி ஆப்பு. (ரெண்டு அர்த்தத்துலயும்.) பேனர் மட்டும் மண்டபத்து அகலத்துக்கு இருந்துச்சு, குரூப் போட்டோ மூணு தடவை எடுத்தாங்க, முதல் தடவை பேனர்ல ஒரு பேரு மறைஞ்சு போச்சாம். 1990களோட தொடக்கத்துல இதே வேலைய பக்கத்துல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம்னு செஞ்சாங்க, எழுத்தோட சேத்து பொம்பளைங்களுக்கு சைக்கிளும் கத்துக் குடுத்தாங்க. பெரியவங்க எதுக்குப் படிக்க வருவாங்கன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருந்துச்சு. இப்ப எங்க மையத்துல யாருக்கு என்ன தேவைன்னு இதுவரைக்கும் ஒரு ஆளு கேட்டதில்ல, எத்தனை பேருன்னு மட்டும் வாட்ஸ்அப்ல தெனம் கேக்குறாங்க. அத்தைக்கு வேண்டியது பஸ் ஸ்டாண்டுல யாரையும் கேக்காம மன்னார்குடி பஸ்ஸுல ஏறுறது. அந்த ஏக்கத்த எந்தக் கட்டத்துல டிக் அடிக்குறது?

மன்னிக்கணும், கோவத்துல எங்கயோ போயிட்டேன். கேக்க வந்தத கேட்டுடுறேன்.

பயிற்சிய நடவு, அறுப்பு இல்லாத மாசத்துல வைங்க. வழக்கமா ஜூன் 12ல மேட்டூர் அணை தொறக்குறதுக்கு முந்தி எங்க வயலெல்லாம் காஞ்சுதான் கெடக்கும், அப்ப வைங்க. ஒரே நாள்ல கொட்டாம, மாசத்துக்கு ஒரு தடவை பத்து மையத்துக்காரங்கள ஒண்ணா ஒக்கார வைங்க, ஒருத்தர் வகுப்ப ஒருத்தர் பாத்து கத்துக்குறோம். நடத்துறவரு பெரியவங்களுக்கு ஒரு வருஷமாச்சும் எடுத்தவரா இருக்கட்டும். ஆப்புக்கு ஒரு வீடியோ அனுப்புங்க, போதும். பயிற்சி நாளு பூரா பெரியவங்களுக்கு எப்படி சொல்லிக் குடுக்குறதுன்னு சொல்லிக் குடுங்க.

அதுக்கு முன்னாடி உங்கள்ல யாராச்சும் ஒருத்தர் ஒரு சாயங்காலம் எங்க மையத்துக்கு வந்துட்டுப் போங்க. ஆறரைக்கு மேல வாங்க, அதுக்கு முந்தி யாரும் கரையேறி வந்திருக்க மாட்டாங்க. நாற்காலி அங்கன்வாடி புள்ளைங்க சைசு, பாயில ஒக்காந்துக்கலாம். டீ நாங்க போடுறோம். பல்பு மங்கலாத்தான் எரியும், அதனால மறக்காம கண்ணாடிய எடுத்துட்டு வாங்க.

இப்படிக்கு,
வெண்ணாத்துக் கரையிலேருந்து ஒரு தன்னார்வலர்