முதல் அணியில் சேருகிறவர்களுக்கு ஒரு பக்கத் தகவலாவது தாருங்கள்

மதிப்பிற்குரிய அங்கீகாரக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் மருத்துவமனையின் அறுவை மருத்துவ ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவப் பட்டத்துக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சித் திட்டத்துக்கு, தொடக்க அங்கீகாரம் வழங்கியவர்கள் நீங்கள். அதன் முதல் அணியில் சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். சென்ற மாதம் திட்ட இயக்குநர் விலகிவிட்டார். மூன்று வரி மின்னஞ்சலில் எங்களுக்குச் சொன்னார்கள். நேர்முகத்தில் படத்தோடு காட்டப்பட்ட பேராசிரியர்களில் இருவர் அதற்கு முன்பே போயிருந்தார்கள்.

புதிய இடம் என்று தெரிந்தேதான் வந்தேன். மேலே சீனியர்கள் இல்லை, கத்தி சீக்கிரம் கைக்கு வரும் என்றார்கள். பொய்யில்லை, வந்தது. ஆனால் இரவுப் பணிப் பட்டியலில் 'மூத்த ரெசிடென்ட்' என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் எப்போதும் ஒரு சிறு கோடுதான். இரவு இரண்டு மணிக்கு, வயிறு பலகைபோல இறுகிய நோயாளி வருகிறார். ஸ்கேனுக்கு அனுப்புவதா, நேரே தியேட்டருக்குக் கொண்டுபோவதா? வேறு மருத்துவமனையில் பக்கத்து அறையில் தூங்கும் மூன்றாமாண்டுக்காரரைத் தட்டி எழுப்பிக் கேட்டுவிடலாம். நான் வீட்டிலிருக்கும் நிபுணரை அழைக்கிறேன். அவர் வருகிறார், ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. அவர் வந்து சேரும்வரை, ஏறிக்கொண்டே போகும் நாடித்துடிப்பைப் பார்த்தபடி நிற்கும் இருபத்தைந்து நிமிடங்கள் மட்டும் என்னுடையவை.

ஐந்தாண்டுப் பயிற்சியில் 850 முக்கிய அறுவைகள் கணக்கில் வர வேண்டும். இயக்குநர் போனபோது அவரை நம்பி வந்த நோயாளிகளும் போய்விட்டார்கள். எண்ணிக்கை குறைந்தால் திட்டத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். எனக்கு என்ன வரும்?

பழைய இடங்கள் மட்டும் பத்திரமா என்று கேட்பீர்கள். இல்லைதான். பிலடெல்ஃபியாவின் ஹானமன் பல்கலைக்கழக மருத்துவமனை 2019இல் மூடப்பட்டபோது 550க்கும் மேற்பட்ட பயிற்சி மருத்துவர்கள் வேறு இடம் தேடி அலைந்தார்கள். அவர்களுடைய பயிற்சி இடங்களே திவால் நீதிமன்றத்தில் ஏலத்துக்கு வந்தன. நூறாண்டு தாண்டிய மருத்துவமனைக்கே அந்தக் கதி என்றால், சுவரில் பெயிண்ட் காயாத எங்களுக்கு?

எனவே கேட்பது ஒன்றுதான். சேர விரும்பும் இடங்களை விண்ணப்பதாரர்கள் வரிசைப்படுத்தித் தரும் தரவரிசைப் பட்டியல் பூட்டப்படுவதற்கு முன், ஒவ்வொரு புதிய திட்டமும் ஒரு பக்கத் தகவலைப் பொதுவில் வைக்க வேண்டும். கடந்த ஆண்டு அங்கே நடந்த அறுவைகள் எத்தனை, முழுநேர ஆசிரியர்கள் யார், திட்டம் மூடப்பட்டால் எங்கள் சம்பளத்துக்கும் காப்பீட்டுக்கும் பொறுப்பு யார் என்பது அதில் இருக்கட்டும். அந்தப் பட்டியல்களைப் பொருத்தி யார் எங்கே சேர வேண்டும் என்று தீர்மானிக்கும் 'மேட்ச்' முடிவு எங்களைக் கட்டுப்படுத்துகிறது. எங்களிடம் சொன்ன வார்த்தை யாரையும் கட்டுப்படுத்தவில்லை. விளம்பரக் கையேட்டில் உடற்பயிற்சிக்கூடத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே போக நேரம் கிடைத்த ரெசிடென்ட் யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

மன்னிக்கவும், கோபம் முந்திக்கொண்டது. இந்த ஆண்டு விண்ணப்பிக்கும் இருவர், "இங்கே சேரலாமா அண்ணா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் எழுதவில்லை. அந்த ஒரு பக்கத்தை, அவர்கள் பட்டியலைப் பூட்டுவதற்குள், தயவுசெய்து வெளியிடச் செய்யுங்கள்.

பணிவுடன்,
முதல் அணி ரெசிடென்ட் ஒருவன்